ராமநாதபுரம் கடற்கரையில் வாடும் புல்தரைக்கு என்ன உரம், எவ்வளவு, எப்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தொண்டியிலிருந்து தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடி வரை கடலை ஒட்டி வீடோ விடுதியோ கட்டி, முன்னால் கொஞ்சம் புல் வளர்த்திருப்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. மதுரையிலோ கோவையிலோ பலன் தரும் உர அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றினால் புல் இன்னும் கருகும். அதற்கான காரணங்களும் கீழே வருகின்றன.

புல் மஞ்சளடித்துக் கிடக்கிறது. உடனே என்ன உரம் போடலாம்?

உடனே எதுவும் போட வேண்டாம். முதலில் குனிந்து புல்லைப் பாருங்கள். கீழ் இலைகள், அதாவது வயதான இலைகள், முதலில் வெளிறி, புல் மொத்தமாக வளர்ச்சி குன்றியிருந்தால் தழைச்சத்து குறைவு. அதற்கு உரம் கேட்கும். புதிதாக வரும் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துப் பிரச்சினை. அதற்கு யூரியா போட்டுப் பயனில்லை. இலை நுனி வைக்கோல் நிறத்தில் கருகி உள்நோக்கி இறங்கினால் உப்பு. நம் கரையில் நான் பார்க்கிற புல்தரைகளில் அதிகம் இருப்பது இந்த மூன்றாவதுதான். கையால் இழுத்தவுடன் புல் வேரில்லாமல் பெயர்ந்து வந்தால் அடியில் வெண்புழுவோ கரையானோ இருக்கலாம். ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். வேப்ப மரத்தடியில் மட்டும் சொட்டையாக இருந்தால் அது நிழல். எந்த உரமும் வெயிலைக் கொண்டுவராது.

உப்பு என்றால், உரம் போட்டால் சரியாகாதா?

ஆகாது, மோசமாகும். உரக்கடையில் மூட்டையில் வரும் ரசாயன உரங்களில் பெரும்பாலானவை தண்ணீரில் கரையும் உப்புகள்தான். மண்ணில் ஏற்கெனவே சோடியமும் குளோரைடும் மிதமிஞ்சி இருக்கும்போது வேர் தண்ணீரை இழுக்கவே திணறுகிறது. அதன் மேல் இன்னொரு உப்பைக் கொட்டினால் ஈரம் இருந்தும் புல் தாகத்தில் சாகும். "உரம் போட்ட மூணாவது நாள் கருகிடுச்சு, உரம் போலி" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் பலர். உரம் நல்ல உரமாகத்தான் இருந்திருக்கும்.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். குடிநீரில் கரைந்திருக்கும் உப்பைச் சோதிக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. போர் தண்ணீரை அதில் பாருங்கள். 600, 700 என்றால் கவலை வேண்டாம். 2000-ஐத் தாண்டினால் புல் வகையையும் பாய்ச்சும் முறையையும் யோசிக்க வேண்டும். 4000, 5000 என்று காட்டினால் உரத்தைப் பற்றிப் பேசுவதே வீண். கோடையில் ஒரு தரம், மழைக்குப் பின் ஒரு தரம் பார்ப்பது நல்லது. கரையோரப் போர்களில் நல்ல தண்ணீரை இறைக்க இறைக்க உப்புத் தண்ணீர் மேலேறி வரும்.

ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுக் குழாயை நேராகப் புல்தரையில் விட்டிருப்பார்கள், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று. எண்ணம் நல்லதுதான். ஆனால் போர் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் திரண்டு வெளியே வருவது அந்தக் குழாயில்தான். அதைக் கழிப்பறைக்கோ வாசல் கழுவவோ திருப்பிவிடுங்கள்.

அப்படியானால் உப்பை எப்படி இறக்குவது?

தினமும் மாலையில் ஐந்து நிமிடம் பூவாளியால் தெளிக்கும் பழக்கத்தை விடுங்கள். மேல் மண் மட்டும் நனைந்து, காலையில் ஆவியாகி, உப்பு அங்கேயே தங்கிவிடும். வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை, ஒரு சாண் ஆழம் இறங்கும்படி நிறைய விடுங்கள். மணல் மண் என்பதால் தண்ணீர் தேங்காது; உப்பைக் கரைத்துக்கொண்டு வேருக்குக் கீழே போய்விடும். அப்புறம் மழைநீர். 1000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் வரும். அதில் கொஞ்சத்தைத் தொட்டியில் பிடித்து வைத்தால், உரம் போடும் நாட்களுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் இருக்கும். காவிரிக் கூட்டுக் குடிநீரைப் புல்லுக்கு விடுவதை மட்டும் செய்யாதீர்கள். பக்கத்துத் தெருவில் குடத்தோடு நிற்கிறார்கள்.

மண் பரிசோதனை அவசியமா?

ஒரு முறையாவது செய்யுங்கள். புல்தரையில் எட்டுப் பத்து இடங்களில் நாலு விரல் ஆழத்துக்கு மண் எடுத்து, நிழலில் உலர்த்தி, நன்றாகக் கலந்து, அரை கிலோவைத் துணிப்பையில் கொடுத்தால் போதும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. உவர் மண் பற்றி நாலு வார்த்தை கேட்க அதைவிடப் பக்கத்தில் இடமில்லை. அறிக்கையில் மூன்றைப் பாருங்கள்: கார அமில நிலை (பி.எச்.), மின்கடத்தும் திறன் (உப்பு எவ்வளவு என்று காட்டுவது), சுண்ணாம்புத் தன்மை. மண்டபம், பாம்பன், ராமேசுவரம் பக்கம் சிப்பியும் பவளப் பொடியும் கலந்த மணல் என்பதால் கார அமில நிலை 8-க்கு மேல் வருவது சாதாரணம். உரத்தைத் தேர்ந்தெடுப்பதில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, தழைச்சத்துதான் குறைவு என்று தெரிந்துவிட்டது. எந்த உரம் வாங்க?

என் முதல் தேர்வு அம்மோனியம் சல்பேட். தழைச்சத்து 20.5 சதவீதம்தான், யூரியாவில் 46. எண்ணைப் பார்த்தால் யூரியா லாபம் போலத் தெரியும். ஆனால் காரத்தன்மையுள்ள சுண்ணாம்பு மணலில், வெயிலில், யூரியாவை மேலாகத் தூவிவிட்டுத் தண்ணீர் விடத் தாமதித்தால் அதில் நல்ல பங்கு அம்மோனியாவாகக் காற்றோடு போய்விடும். அம்மோனியம் சல்பேட்டிலும் இந்த இழப்பு உண்டு. ஆனால் அதில் கந்தகம் இருக்கிறது, வேர்ப்பகுதியின் காரத்தையும் சற்றுத் தணிக்கும். எதைப் போட்டாலும் உடனே தண்ணீர் விட வேண்டும்.

அளவு: ஒரு சென்ட் என்பது 435 சதுர அடி, ஏறக்குறைய 40 சதுர மீட்டர். ஒரு தடவைக்கு ஒரு சென்ட்டுக்கு அம்மோனியம் சல்பேட் அரை கிலோ. யூரியாதான் கிடைத்தது என்றால் 220 கிராம், அதற்கு மேல் வேண்டாம். தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் 17 சதவீதம் கலந்த 17:17:17 காம்ப்ளெக்ஸ் என்றால் 600 கிராம். இவை மூன்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு தழைச்சத்துதான் இருக்கிறது, சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம். களிமண் பூமியில் இதைப்போல இரண்டு மடங்கை ஒரே தடவையில் போடுவார்கள். நம் மணல் அவ்வளவைப் பிடித்து வைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, வளரும் மாதங்களில் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை போடுவதுதான் இங்கே சரி.

காம்ப்ளெக்ஸை மாதாமாதம் போடும் வழக்கம் வேண்டாம். புல்லுக்கு மணிச்சத்து அவ்வளவு தேவைப்படாது. சுண்ணாம்பு மண்ணில் போடும் மணிச்சத்தும் கால்சியத்தோடு கட்டுண்டு கிடக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போதும்.

பொட்டாஷ் போடலாமா?

போடலாம், ஆனால் எந்தப் பொட்டாஷ் என்று பார்த்து வாங்குங்கள். கடையில் 'பொட்டாஷ்' என்று கேட்டால் கொடுப்பது மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. நம் மண்ணில் குளோரைடுக்குப் பஞ்சமே இல்லை. விலை கூடுதலானாலும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கேளுங்கள். சென்ட்டுக்கு 200 கிராம், வருடத்தில் இரண்டு தடவை. சாம்பல்சத்து சரியாக இருக்கும் புல் உப்பையும் வறட்சியையும் கூடுதலாகத் தாங்கும், அதனால் இந்தச் செலவு வீண் இல்லை.

எப்படித் தூவ வேண்டும்? கோடு கோடாகப் பச்சையும் மஞ்சளுமாக வருகிறதே.

கையள்ளி ஒரே திசையில் வீசினால் அப்படித்தான் வரும். உரத்தை நாலைந்து மடங்கு மண்புழு உரத்தோடோ ஆற்று மணலோடோ கலந்துகொள்ளுங்கள். கடல் மணல் வேண்டாம். கலவையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கிழக்கு மேற்காக நடந்து தூவுங்கள், மறு பாதியைத் தெற்கு வடக்காக. இலை உலர்ந்திருக்க வேண்டும்; பனியோ தெளித்த தண்ணீரோ இருந்தால் உரம் இலையில் ஒட்டிப் புள்ளி புள்ளியாகச் சுடும். மண்ணில் மட்டும் ஈரம் இருக்கட்டும், முந்தின நாளே தண்ணீர் விட்டுவிடலாம். தூவி முடித்த கையோடு கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். காற்று அடிக்கும் மதியத்தில் தூவினால் பாதி அடுத்த வீட்டுக்காரருக்குப் போகும். மாலை, காற்று இறங்கிய பிறகு செய்யுங்கள்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

ஐப்பசி மழையில். இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வடகிழக்குப் பருவக்காற்றில் கொட்டித் தீர்ந்துவிடும். முதல் இரண்டு மூன்று நல்ல மழை வேர்ப்பகுதி உப்பைக் கீழே இறக்கிவிடும். அதற்குப் பிறகு போடும் உரம்தான் புல்லுக்குச் சேரும். அடைமழை எச்சரிக்கை இருக்கும் வாரத்தில் மட்டும் நிறுத்திவையுங்கள், மணலில் போட்டது மழையோடு இறங்கிவிடும். பிறகு மார்ச் வரை மாதம் ஒரு தடவை. ஏப்ரலுக்குப் பிறகு போர் தண்ணீர் உப்பேறும்போது ரசாயன உரத்தை நிறுத்திவிடுவேன். இடையில் கோடை மழை நன்றாகப் பெய்தால் ஒரு தடவை போடலாம். ஆடியில் வேண்டவே வேண்டாம்.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் போன்ற மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களில் வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, உப்புத் தூவானத்தை வாரி இறைக்கும். தொண்டி, தேவிபட்டினம் போன்ற பாக் விரிகுடாப் பக்கத்துக்கு வாடைக் காற்றுக் காலத்தில் அது வரும். பாம்பன் தீவுக்காரர்களுக்கு இரண்டும் உண்டு. பலத்த காற்று அடித்த மறுநாள் காலையில் இலை மேல் நல்ல தண்ணீரை ஒரு தடவை அடித்துக் கழுவிவிட்டால் கருகல் பாதியாகக் குறையும்.

புது இலை மஞ்சள், நரம்பு பச்சை. என்ன செய்ய?

மண்ணில் இரும்பு இருக்கும், புல்லால் எடுக்க முடியாது. சுண்ணாம்பு மண்ணின் வேலை அது. அன்னபேதி உப்பு என்று நாட்டு மருந்துக் கடையில் சொல்வார்களே, அதே பெரஸ் சல்பேட் உரக்கடையிலும் கிடைக்கும். மண்ணில் போட்டால் சுண்ணாம்போடு சேர்ந்து வீணாகும், இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒரு லிட்டருக்கு 5 கிராம், அதோடு ஒரு கிராம் எலுமிச்சை உப்பு. சென்ட்டுக்கு நாலு லிட்டர் கரைசல் போதும், மாலையில் கைத்தெளிப்பானால் புகைபோல அடியுங்கள். மூன்று நான்கு நாளில் பச்சை திரும்பும். பதினைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. சிமென்ட் தரையிலும் டைல்ஸிலும் பட்டால் துருக்கறை போகவே போகாது. அடிக்கும் முன் நடைபாதையை நனைத்து, அடித்ததும் கழுவிவிடுங்கள். மண்ணில் போட விரும்பினால் இடிடிஎச்ஏ என்று போட்ட இரும்புக் கீலேட் காரத்தில் தாங்கும். மலிவான இடிடிஏ வகை இந்த மண்ணில் சீக்கிரம் செயலிழந்துவிடும்.

இயற்கை உரம் மட்டும் போட்டால் போதாதா? ஆட்டு எரு நிறையக் கிடைக்கிறது.

உண்மையில் நம் மணலுக்கு அதிகம் தேவைப்படுவது இதுதான், தழைச்சத்தைவிட முக்கியமாக மக்கு, அதாவது மக்கிய எருவும் இலைதழையும். மக்கு இல்லாத மணல் தண்ணீரையும் பிடிக்காது, உரத்தையும் பிடிக்காது. கீதாரிகள் வயலில் கிடை போடும் ஊர் இது, ஆட்டு எருவுக்குக் குறைவில்லை. ஆனால் பச்சையாக வாங்கிப் புல்லில் பரப்பாதீர்கள். ஆடுகள் தின்பது கருவை நெற்று. விதை வயிற்றில் சாகாமல் புழுக்கையோடு வரும். இரண்டு மாதத்தில் புல்தரை முழுக்கச் சீமைக்கருவேலக் கன்று முளைத்து, பிடுங்கிப் பிடுங்கிக் கை கிழியும். மூன்று நாலு மாதம் ஈரத்தோடு குவித்து, சூடேற மக்க வைத்து, சலித்துப் போடுங்கள். மண்புழு உரம் என்றால் சென்ட்டுக்கு 50 முதல் 75 கிலோ, புல்லை ஒட்ட வெட்டிவிட்டு மேலாகத் தூவி, துடைப்பத்தால் உள்ளே தள்ளிவிடலாம். புரட்டாசிக் கடைசியில் ஒன்று, தையில் ஒன்று.

கரம்பை மண்ணும், அதாவது கண்மாயில் படியும் வண்டலும், அருமையான பொருள். 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பேர்பெற்ற ராஜசிங்கமங்கலம் கண்மாய் முதல் சின்ன ஊருணி வரை வண்டலுக்கு இந்த மாவட்டம் பெயர் போனது. முறையான அனுமதியோடு எடுத்த வண்டலாகப் பார்த்து வாங்குங்கள். மணல் மேல் தனி அடுக்காகக் கொட்டிவிட்டால் தண்ணீர் இறங்காமல் மேலே நிற்கும். பொடித்து, மணலோடும் எருவோடும் கலந்து, விரல் தடிமனுக்கும் குறைவாகத்தான் பரப்ப வேண்டும். புதிதாகப் புல் பதிப்பதாக இருந்தால் ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்துவிடுங்கள், பல வருடம் பேசும்.

தென்னை நார்க்கழிவு வாங்கும்போது கவனம். கழுவாத நார்க்கழிவில் உப்பு நிறைய இருக்கும். கழுவி மக்க வைத்தது என்றால் மட்டும் வாங்குங்கள். கொஞ்சத்தைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரில் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் பொய் சொல்ல முடியாது.

கடல்பாசி, மீன் கழிவு?

மண்டபம், பாம்பன் பக்கம் மூங்கில் தெப்பத்தில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியின் சாறுதான் கடல்பாசித் திரவ உரங்கள் பலவற்றுக்கு மூலப்பொருள். அது வளர்ச்சி ஊக்கி. தழைச்சத்து உரத்துக்குப் பதில் ஆகாது. லிட்டருக்கு இரண்டு மூன்று மில்லி கலந்து மாதம் ஒரு தடவை தெளித்தால் வறட்சி தாங்கும் தெம்பு கொஞ்சம் கூடும். கரை ஒதுங்கிய பாசியைச் சாக்கில் அள்ளி வந்து நேராகப் போடுவது உப்பைக் காசில்லாமல் வாங்குவது. ஒரு மழைக்காலம் முழுக்கக் குவியலாக நனையவிட்டு, மக்கிய பின் பயன்படுத்தலாம்.

மீன் அமிலம் வேலை செய்யும்: புது மீன் கழிவும் வெல்லமும் சம எடை, மூடி வைத்து மூன்று வாரம் கழித்து வடிகட்டி லிட்டருக்கு 5 மில்லி. கருவாட்டுக் கழிவை இதற்கு எடுக்கவே கூடாது. நாற்றம் இரண்டு நாளில் போய்விடும் என்பார்கள், தெருப் பூனைகளுக்கு அது தெரியாது.

ஜிப்சம், சுண்ணாம்பு, கரி மூட்டத்துச் சாம்பல் இதெல்லாம்?

சுண்ணாம்பு கூடவே கூடாது, ஏற்கெனவே தரை முழுக்க அதுதான். சாம்பலும் காரம். கருவை மூட்டம் போடும் ஊர்களில் சும்மா கிடைக்கிறதே என்று கொட்டாதீர்கள். ஜிப்சம் எல்லாருக்கும் வேண்டியதில்லை. மண் அறிக்கையில் சோடியம் மிகுந்து களர் என்று வந்து, தண்ணீர் இறங்காமல் மேலே நின்றால்தான் பலன். அதுவும் நல்ல தண்ணீரால் கழுவி வடித்தால் மட்டும். வெறும் உவர் மணலில் ஜிப்சம் இன்னுமொரு செலவு.

நானோ யூரியா பாட்டில் ஒன்று தெளித்தால் மூட்டை யூரியாவுக்குச் சமமாமே?

2021-ல் வந்தபோது அதில் தழைச்சத்து 4 சதவீதம். அரை லிட்டர் பாட்டிலில் 20 கிராம். ஒரு சென்ட்டுக்கு ஒரு தடவைக்கே 100 கிராம் வேண்டும் என்று மேலே பார்த்தோம். இப்போது செறிவு கூட்டிய வகைகள் வந்திருக்கின்றன, லேபிளைப் பார்த்து நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அதிகமாகப் போட்டால் கடலுக்கும் கிணற்றுக்கும் பாதிப்பு உண்டா?

கிணற்றுக்குக் கட்டாயம் உண்டு. ராமேசுவரம் கோயிலுக்குள்ளேயே 22 தீர்த்தங்கள். சுற்றிலும் கடல் இருந்தும் தீவில் கிணற்றில் நல்ல தண்ணீர் வருகிறது. உப்புத் தண்ணீருக்கு மேல் மழைத் தண்ணீர் மெல்லிய படலமாக மிதப்பதால்தான் அப்படி. மணல் வழியாக நைட்ரேட் தங்குதடையில்லாமல் அந்தப் படலத்துக்குப் போய்ச் சேரும். நைட்ரேட் ஏறிய தண்ணீர் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து, காய்ச்சினாலும் அது போகாது. குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றிப் பத்து மீட்டருக்காவது ரசாயன உரம் போடாதீர்கள். மிச்சம் கடலுக்குப் போகிறது. மன்னார் வளைகுடாவின் ஒரு பகுதி 1986-லிருந்து தேசியப் பூங்கா, பவளமும் கடற்புல்லும் உள்ள இடம். ஒரு விடுதியின் பச்சை நிறத்துக்காக அதைப் பாழாக்க வேண்டியதில்லை.

எல்லாம் செய்தும் புல் தேறவில்லை.

அப்போது புல்லை மாற்றுங்கள். அகல இலையுள்ள கார்ப்பெட் புல் உப்பைத் தாங்காது, நர்சரியில் எவ்வளவு ஆசை காட்டினாலும் வாங்காதீர்கள். கொரியன் புல் ஓரளவு தாங்கும். அருகு வகையான பெர்முடா நன்றாகத் தாங்கும், ஆனால் முழு வெயில் வேண்டும். தண்ணீர் மிகவும் உப்பென்றால் கடலோரப் பாஸ்பாலம் ஒன்றுதான் வழி. உரமும் குறைவாகக் கேட்கும். அல்லது புல்தரையைப் பாதியாகக் குறைத்து, மீதியில் அடம்புக் கொடியையும் தாழையையும் விட்டுவிடலாம். நம் கரைக்கு அதுவே அழகு என்பது என் கருத்து, விடுதிக்காரர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

எந்தப் புல்லானாலும் ஒரே வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய துணுக்கை அங்கேயே விட்டால் புல்லுக்குத் தேவையான தழைச்சத்தில் கால் பங்கு வரை திரும்பக் கிடைக்கும்.

மிச்சமான உரத்தை எப்படி வைப்பது?

கடல் காற்றில் யூரியா இரண்டு வாரத்தில் கட்டியாகிவிடும். பிளாஸ்டிக் வாளியில் போட்டு இறுக மூடி வையுங்கள். கட்டியை உடைக்காமல் தூவாதீர்கள், விழுந்த இடம் கருகும். ஆடு மாடு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். யூரியாவை உப்பென்று நக்கித் தின்ற ஆடு சில மணி நேரம்கூடத் தாங்காது. கரைத்து மிச்சமான வாளியையும் திறந்து விட்டுவிட்டுப் போகாதீர்கள், தாகத்தில் மாடு குடித்துவிடும்.